கோபத்துக்கு மதிப்பெண் போட்ட அண்ணி

அண்ணியைப் பற்றி நாத்தனார் எழுதினால் பாதி புகாராகத்தான் இருக்கும் என்று நினைப்பீர்கள். பாதிக்கு மேலேயே இருக்கும். ஆனால் அவர் கதையை யாராவது எழுதித்தானே ஆகவேண்டும்? அண்ணனுக்கு எழுத வராது, வந்தாலும் பயம். மாடியில் அவர்கள் குடித்தனம், கீழே நான். அங்கே ஒரு தட்டு விழுந்தாலும் எனக்குக் கேட்கும். ஆகவே இந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியானவர் ஊரில் யாரும் இல்லை.

அண்ணி நகராட்சி அலுவலகத்தின் புகார் ஜன்னலில் உட்கார்ந்திருந்தவர். குழாயில் தண்ணீர் வரவில்லை, தெருவிளக்கு எரியவில்லை, குப்பை வண்டி வரவில்லை, சாக்கடை அடைத்துக்கொண்டது என்று யாருக்கு எது நடந்தாலும் அந்த ஜன்னலுக்குத்தான் வந்தாகவேண்டும். அதற்கு ஓர் இரும்பு ஷட்டர் உண்டு. வந்தவர் கொஞ்சம் குரலை உயர்த்தினால் போதும், அண்ணி பதிலே பேசமாட்டார். கையை மட்டும் மேலே தூக்கி, “அடுத்து” என்பார். டர்ர்ர் என்று ஷட்டர் இறங்கும். அப்புறம் நீங்கள் என்ன கத்தினாலும் இரும்புக்குத்தான் கேட்கும். ஊரே அவருக்கு ‘ஷட்டர் அம்மா’ என்று பெயர் வைத்திருந்தது. நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில், கண்ணைச் சோதிக்க உட்கார்ந்தவர்கள்கூட ஷட்டர் அம்மாவைத் திட்டுவார்கள். “கீழ் வரி தெரியுதா?” என்று மட்டும் கேட்பேன். அவர் என் அண்ணி என்று மூச்சு விட்டதில்லை. கடையில் வியாபாரம் நடக்கவேண்டாமா?

அண்ணி பிறக்கும்போதே அப்படி இல்லை. கல்யாணமாகி வந்த புதிதில் அவர் சிரித்தால் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப்பார்ப்பார்கள், அப்படி ஒரு சிரிப்பு. தன் கையில் இல்லாத குழாய்க்கும் விளக்குக்கும் நாள் முழுக்கத் திட்டு வாங்கி வாங்கி, மனுஷி கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போனார். அண்ணன் ஆசையாக “இன்னிக்கு நாள் எப்படிப் போச்சு?” என்று கேட்டால், அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டே “அடுத்து” என்பார்.

இப்படிப்பட்டவரைத்தான், மக்களோடு எப்படிப் பேசுவது என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளராக ஆக்கினார்கள். சிரிக்காதீர்கள், நானே இன்னும் சிரித்து முடிக்கவில்லை.

நடந்தது இதுதான். ஒவ்வோர் அலுவலகத்திலிருந்தும் ஒருவர் தலைநகருக்குப் போய்ப் பயிற்சி பெற்றுவந்து மற்றவர்களுக்குச் சொல்லித்தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. மக்களைக் கூப்பிட்டுப் பேசுவது, அவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பது, செய்த வேலை உண்மையிலேயே உதவியதா என்று அவர்களிடமே கேட்டு மதிப்பிடுவது, இவைதான் பாடம். யாருக்கும் போக விருப்பமில்லை. அண்ணியும் கை தூக்கவில்லை. ஆனால் கொஞ்ச நாளாவது அந்த ஜன்னலில் வேறு யாராவது உட்காரட்டும் என்று அலுவலகமே ஒருமனதாக அண்ணியைப் பஸ் ஏற்றிவிட்டது.

போனவர் ஒருவர், வந்தவர் வேறொருவர். வந்த அன்றே அண்ணனை நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே முட்டி தொட உட்கார்ந்துகொண்டார்.

“ஏங்க, உங்க குறையச் சொல்லுங்க.”

“எனக்கென்ன குறை? ஒண்ணுமில்லையே.”

“பயப்படாம சொல்லுங்க. நான் குறுக்க பேசமாட்டேன்.”

அண்ணன் திருதிருவென்று விழித்துவிட்டு, தயங்கித் தயங்கி, “சட்டையில பட்டன் ஒண்ணு பிஞ்சு ரொம்ப நாளாச்சு” என்றார்.

“நீங்க சொன்னத சரியா புரிஞ்சுக்கிட்டேனான்னு பார்க்கிறேன். உங்க சட்டையில பட்டன் இல்ல. அது உங்களுக்கு வருத்தமா இருக்கு. சரிதானா?”

“வருத்தம்னு எல்லாம் இல்ல...”

“இல்லங்க, வருத்தம் இருக்கு. கண்ணுல தெரியுது.”

அவ்வளவுதான், அண்ணன் கண் கலங்கிவிட்டார். நான் படிக்கட்டில் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒட்டுக்கேட்கவில்லை, சும்மா நின்றேன். பட்டனை அன்றைக்கும் யாரும் தைக்கவில்லை என்பது வேறு விஷயம்.

எப்படி இவ்வளவு மாறினார் என்று நானே கேட்டேன். பயிற்சியில் முதல் நாளே இவரைப் பொதுமக்களாக நிற்கவைத்து, எதிரே வேறோர் ஊர் ஊழியரை அதிகாரியாக உட்காரவைத்தார்களாம். அந்த ஆள் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம்.

“நடிப்புதான்டி, எனக்கும் தெரியும். ஆனாலும் அழுகை வந்துடுச்சு. இத்தனை வருஷமா எத்தனை பேர அப்படி நிக்க வெச்சிருக்கேன்!” என்றார். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்தினார். எனக்கு என்னமோ மாதிரி ஆகிவிட்டது, ஆனால் காட்டிக்கொள்ளவில்லை.

அலுவலக மேல்மாடியில் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைத்திருந்த கூடத்தை அண்ணியிடம் கொடுத்தார்கள். அவரே கூட்டிப் பெருக்கி, ஒரு மேசை, ஒரு வெள்ளைப் பலகை, ஆடாத நாற்காலிகளாகப் பொறுக்கிப் போட்டு வகுப்பைத் தொடங்கினார். முறை எளிது. ஊழியர்களில் பாதிப்பேர் அதிகாரிகள், பாதிப்பேர் பொதுமக்கள். பொதுமக்கள் வந்து கத்தவேண்டும், அதிகாரிகள் கேட்கவேண்டும். பிறகு இடம் மாறி உட்காரவேண்டும். கேட்டாரா, புரிந்துகொண்டாரா, உண்மையான பதில் சொன்னாரா என்று அதிகாரிக்கு மதிப்பெண். அதோடு அண்ணி தன் பங்குக்கு இன்னொன்றையும் சேர்த்தார்: கோபத்துக்கும் மதிப்பெண். பொதுமக்களாக நடிப்பவர் ஏனோதானோ என்று கத்தினால், கேட்பவருக்கு எப்படிப் பயிற்சி கிடைக்கும் என்பது அவர் வாதம்.

முதல் வாரம் எல்லாரும் வெட்கப்பட்டுக் கிசுகிசுவென்று கோபப்பட்டார்கள். அப்புறம் ருசி கண்டுவிட்டார்கள். அவரவர் மனதில் யார் மேல் என்ன காய்ச்சல் இருந்ததோ எல்லாம் பயிற்சி என்ற பெயரில் வெளியே வந்தது. வாசல் காவலாளி, சாக்கடை அடைத்த குடும்பத் தலைவியாக வந்து கணக்குப் பிரிவு மேலாளரை ஒரு பிடி பிடித்ததில், மேலாளர் தன் பாத்திரத்தை மறந்து, “நான் வேணும்னு பண்ணலப்பா, உன் விடுப்பு மேல இருந்தே வரல” என்று மன்னிப்புக் கேட்டுவிட்டார். சிரித்துச் சிரித்து எல்லாருக்கும் வயிற்று வலி. சிரிப்புச் சத்தம் கேட்டு வரி கட்ட வந்தவர்கள் மேலே ஏறி வந்து பார்த்தார்கள். அந்த அலுவலகத்தில் யாரும் யாரோடும் அவ்வளவு பேசி நான் கேள்விப்பட்டதே இல்லை.

அண்ணியின் செல்லப் பிள்ளை ‘பூங்கா சார்’. அவர் பூங்காப் பிரிவிலேயே காலம் தள்ளியவர். அப்போதுதான் குடிநீர்ப் பிரிவுக்கு அதிகாரியாக மாற்றலாகி வந்திருந்தார். செடிகளை எல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், மனிதர்களைக் கண்டால் கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வார். யாராவது புகார் என்று வந்தால் சார் உள்ளே போய்விட்டார் என்று அர்த்தம். ஆனால் பயிற்சிக் கூடத்தில் மனிதர் பிரமாதப்படுத்தினார். எதிரே கத்துவது சக ஊழியர்தான் என்று தெரிந்ததால் பயமே இல்லை. நிதானமாகக் கேட்பார், பதமாகப் பதில் சொல்வார். “இதே மாதிரி நிஜ மக்கள்கிட்டயும் பேசுங்க சார்” என்று அண்ணி கெஞ்சுவார். “அவங்க நிஜமா இருக்காங்களே மேடம்” என்பார் அவர்.

இதற்கெல்லாம் ஒரு முடிவு நாள் இருந்தது. அண்ணியின் பதவி சோதனை முறையில்தான் கொடுக்கப்பட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வருவார். ஒரு நிஜமான மக்கள் கூட்டத்தை நடத்திக்காட்ட வேண்டும். வந்த மக்களிடமே அவர் கருத்துக் கேட்பார். நன்றாக இருந்தது என்றால் பயிற்சிக் கூடமும் அண்ணியின் பதவியும் நிலைக்கும். இல்லையென்றால் அண்ணி பழையபடி புகார் ஜன்னலுக்கு.

அதற்கு முதல் நாள் அண்ணி என் சமையலறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்றார்.

“எனக்கு பதவி போனா பரவாயில்லடி. ஆனா அந்த ஜன்னல்ல போய் உட்கார்ந்தா மறுபடியும் அந்தப் பொம்பளையாவே ஆயிடுவேன். எனக்கு அவளப் பிடிக்கல.”

எங்களுக்கு மட்டும் பிடித்ததா என்று நாக்கு நுனி வரை வந்தது. அவர் முகத்தைப் பார்த்து விழுங்கிக்கொண்டேன்.

“சரி, நான் என்ன பண்ணணும்?”

“நாளைக்குக் கூட்டத்துல ஆள் குறைவா தெரியக்கூடாது. காலையில ஒத்திகைக்கு நீ பொதுமக்களா வந்து உட்காரு. சும்மா கத்தினாப் போதும். வீட்ல கத்துறதுதானே.”

இதற்குத்தான் நான் கடைக்கு விடுப்புப் போட்டேன் பாருங்கள்.

கூட்டம் மேட்டுத் தெரு மக்களோடு. ஊரிலேயே தண்ணீர் ஏறாத தெரு அது. வால்வு பழையது. தினமும் விடிந்ததும் நீரேற்று நிலையத்திலிருந்து ஒரு வால்வுக்காரர் போய்த் திறந்துவிட்டால்தான், நூலாக ஒழுகுவதாவது ஒழுகும். அந்த மக்கள் பிற்பகலில் வருவதாக ஏற்பாடு. காலையில் அதே கூட்டத்துக்கு ஒத்திகை. ஊருக்கு வெளியே இருக்கும் அந்த நீரேற்று நிலையத்தின் ஊழியர்கள் வேனில் வந்து மேட்டுத் தெருக்காரர்களாக நடிப்பதாக அண்ணியிடம் போனில் ஒப்புக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரையும் அண்ணியோ பூங்கா சாரோ நேரில் பார்த்ததில்லை. “உயிரக் கொடுத்து நடிங்க, தலைமை அலுவலகத்து அம்மா பார்க்கிறாங்க” என்று அண்ணி அவர்களிடம் சொல்லியிருந்தார்.

தலைமை அலுவலகத்து அம்மா ஒத்திகைக்கே வந்துவிட்டார். ஒல்லியான உருவம், கனமான பை, முகத்தில் எதையும் காட்டாத ஆள். மூலையில் போய் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார். அதிகாரிகள் மேசையில் பூங்கா சார், பக்கத்தில் கணக்குப் பிரிவு மேலாளர். கூடத்தின் பின்னால் மதிப்பெண் அட்டையோடு அண்ணி. நடுவில் தன்னந்தனியாகப் பொதுமக்களாக நான். வேனைக் காணோம்.

அப்போது படிக்கட்டில் ஒரு முழக்கம் கேட்டது. திமுதிமுவென்று ஆட்கள் ஏறி வந்தார்கள். முன்னால் வந்த பெண்மணி கையிலிருந்த வெறும் வாளியை அதிகாரிகள் மேசையில் டமார் என்று வைத்தார். நான் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தேன். அண்ணிக்கோ முகமெல்லாம் பல்.

“ஆஹா! கையில பொருளோட வந்திருக்காங்க!” என்று சொல்லிக்கொண்டே அட்டையில் எழுதினார்.

“காலையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி இல்ல! பிள்ளைங்க முகம் கழுவாம பள்ளிக்கூடம் போயிருக்கு! நீங்க பிற்பகல்ல வாங்க பேசலாம்னு கூப்பிடுறீங்க! அதுவரைக்கும் என்னத்தக் குடிக்கிறது?” என்று வாளிக்கார அம்மா பொரிந்து தள்ளினார்.

அவருக்குப் பின்னால் ஒரு பெரியவர், “இதெல்லாம் ஒரு நிர்வாகமா?” என்று கைத்தடியைத் தரையில் தட்டினார். அவருடைய மூக்குக்கண்ணாடி எங்கள் கடையில் வாங்கியது. எங்கேயோ பார்த்த முகமாக இருக்கிறதே என்று நினைத்தேன். நீரேற்று நிலையத்தில் இருப்பவருக்கும் கண் மங்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டேன்.

அண்ணி கை தட்டி எல்லாரையும் நிறுத்தினார். “ரொம்ப நல்லா இருக்கு. ஐயா, உங்க கோபம் அருமை. ஆனா குரல்ல இருக்கிறது முகத்துல வரல. வாசல்ல இருந்து இன்னொரு தடவ வாங்க பார்ப்போம்.”

பெரியவர் அண்ணியையே பார்த்தார். “இன்னொரு தடவையா?”

“ஆமாங்க ஐயா. நீங்க மட்டும்.”

பெரியவர் அரசு அலுவலகங்களில் அலைந்து பழகியவர். ஒரே தடவை சொன்னதற்கு எந்த அலுவலகத்தில் காரியம் நடந்திருக்கிறது? இதுவும் ஒரு நடைமுறை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். மறுபேச்சில்லாமல் வாசலுக்குப் போய், மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டு, “இதெல்லாம் ஒரு நிர்வாகமா!” என்று கூரை அதிர உள்ளே வந்தார். முகம் சிவந்து போயிருந்தது. அண்ணி விசிலடிக்காத குறை. அதைப் பார்த்த மற்றவர்களும், தாங்கள் சொன்னதும் பதிவாகாமல் போய்விடப் போகிறதே என்று, ஒருவர் பின் ஒருவராக வாசலுக்குப் போய் மறுபடி வரத் தொடங்கினார்கள். கூடமே அல்லோலகல்லோலப்பட்டது. நானும் போய்விட்டு வந்தேன். எனக்கு மதிப்பெண் குறைவு. ‘செயற்கை’ என்று எழுதினார். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

இத்தனை கூச்சலிலும் பூங்கா சார் குளம் மாதிரி உட்கார்ந்திருந்தார். எல்லாம் நடிப்பு என்ற தைரியம். வாளிக்கார அம்மாவைப் பார்த்து, “அம்மா, உட்காருங்க. முதல்ல தண்ணி குடிங்க” என்று தன் புட்டியை நீட்டினார். பிறகு சொன்னார், “அந்த வால்வு பழசு. மாத்தணும்னு எங்களுக்கே தெரியும். நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிப் போட்டுட்டோம். தப்பு எங்களுதுதான்.”

ஓர் அதிகாரி வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை அங்கே யாரும் கேட்டதில்லை. பெரியவர் கைத்தடியைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார்.

“எப்ப மாத்துவீங்க?” என்று வாளிக்கார அம்மா கேட்டார்.

“இன்னிக்கே. சாயங்காலத்துக்குள்ள” என்றார் பூங்கா சார், நடிப்பவர்களுக்கே உரிய தாராளத்தோடு.

அண்ணி முழு மதிப்பெண் போட்டுவிட்டு, “அருமை! இப்ப இடம் மாறுங்க. பொதுமக்கள் அதிகாரியா உட்காருங்க, அதிகாரிகள் இந்தப் பக்கம் வாங்க” என்றார். மக்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வாளிக்கார அம்மாதான் முதலில் எழுந்தார். நேராகப் போய்ப் பூங்கா சாரின் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிரே வந்து நின்ற பூங்கா சார் பணிவாக, “மேடம், எங்க தெருவுல தண்ணி...” என்று ஆரம்பித்தார்.

அந்த அம்மா நிமிரவில்லை. எதையோ எழுதுவது போல் குனிந்துகொண்டே ஒரு கையை மேலே தூக்கினார். “டர்ர்ர்ர்” என்று வாயாலேயே ஓர் இரும்பை இறக்கினார். “அடுத்து!”

கூடம் வெடித்துச் சிரித்தது. பெரியவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் உதட்டில் ஒரு சிரிப்பு வந்து பாதியில் நின்றிருந்தது. ஆனாலும் குனிந்து மதிப்பெண் போட்டார்.

“இவ்வளவு அச்சு அசலா... எங்க பார்த்தீங்க இத?” என்று கேட்டார்.

அந்த அம்மா பதில் சொல்வதற்குள் படிக்கட்டில் மறுபடியும் ஒரு முழக்கம்! கூடத்துக்குள் இன்னொரு கூட்டம் பாய்ந்து வந்தது. அதன் முன்னால் ஒட்டு மீசையும், தலையில் துண்டும், கையில் வாளியுமாக ஓர் ஆள்.

“காலையில இருந்து ஒரு சொட்டுத் தண்ணி இல்ல!” என்று அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். “அந்த வால்வு திறக்கிறவன் எங்க போய்த் தொலைஞ்சான்?”

முதல் கூட்டம் இரண்டாவது கூட்டத்தைப் பார்த்தது. இரண்டாவது முதலாவதைப் பார்த்தது. பூங்கா சார் இரண்டையும் பார்த்தார்.

“நீங்க யாரு?” என்று வாளிக்கார அம்மா அதிகாரி நாற்காலியிலிருந்தே கேட்டார்.

“நாங்க மேட்டுத் தெருங்க.”

“மேட்டுத் தெரு நாங்கடா!”

“ஐயய்யோ, நாங்க நீரேற்று நிலையம். வேன் பழுதாகி வழியில நின்னுடுச்சு. நான் அங்க வால்வு...” என்று சொல்லிக்கொண்டே வந்த ஆள் சட்டென்று நின்றார். ஒட்டு மீசையின் ஒரு பக்கம் தொங்கியது. “ஐயோ! வால்வு திறக்கிறவன் நான்தானே! வசனம் மனப்பாடம் பண்ற மும்முரத்துல இன்னிக்கு நான் திறக்கவே போகலையே!”

ஆக, தண்ணீர் இல்லாமல் தவிப்பவராக நடிப்பதற்கு அவர் மெனக்கெட்டதில்தான் மேட்டுத் தெருவுக்குத் தண்ணீர் இல்லாமல் போயிருக்கிறது. அதற்குக் காரணம் ஒத்திகை. ஒத்திகைக்குக் காரணம் என் அண்ணி. மூலையில் தலைமை அலுவலகத்து அம்மா விடாமல் எழுதிக்கொண்டிருந்தார்.

பூங்கா சாருக்கு முகத்தில் ஈயாடவில்லை. இவ்வளவு நேரம் நிஜ மக்களிடம் பேசிக்கொண்டிருந்தோம் என்பது அப்போதுதான் உறைத்தது. கண்கள் கழிவறை இருக்கும் திசையைத் தேடின. பெரியவர் அவரை விடவில்லை.

“அப்ப சாயங்காலத்துக்குள்ள மாத்துறேன்னு சொன்னது நடிப்பா தம்பி?”

அண்ணி முன்னால் வந்தார். “அவர் சொன்னது சொன்னதுதான் ஐயா. மாத்துவார்” என்றார். பூங்கா சாரைப் பார்த்தார். சார் கழிவறைப் பக்கமிருந்து பார்வையைத் திருப்பினார். அப்புறம் மெல்லத் தலையாட்டி, மீசைக்காரரிடம், “நீங்க முதல்ல ஓடிப்போய் வால்வத் திறங்க. புது வால்வு கிடங்குல இருக்குல்ல? எடுத்துட்டு எல்லாரும் கிளம்புங்க. நானும் வரேன்” என்றார். நிஜ மனிதர்களுக்கு அவர் இட்ட முதல் உத்தரவு அது. நீரேற்று நிலையத்துக்காரர்கள் வேஷத்தைக்கூடக் கலைக்காமல் படியிறங்கி ஓடினார்கள்.

பிறகு அண்ணி வாளிக்கார அம்மாவிடம் போனார். அவர் குரல் எனக்கே கிட்டப் போன பிறகுதான் கேட்டது.

“நீங்க நடிச்சுக் காட்டினீங்களே, அந்த ஷட்டர் அம்மா... அது நான்தாங்க.”

“தெரியுமே” என்றார் அந்த அம்மா. “வந்ததுமே குரல வெச்சுக் கண்டுபிடிச்சுட்டேன். அதான் செஞ்சு காட்டினேன். எங்க மாமியார் இறந்ததுக்குச் சான்றிதழ் இன்னும் வரலன்னு கேட்டு வந்தப்ப உங்க முகத்தக்கூட நான் பார்க்கல, கையத்தான் பார்த்தேன். நீங்க என்னடான்னா அதுக்கு முழு மதிப்பெண் போட்டு வெச்சிருக்கீங்க!”

அண்ணி அட்டையைப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார். கல்யாணமான புதிதில் பக்கத்து வீடு எட்டிப்பார்த்ததே, அந்தச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்த அம்மாவுக்கும் சிரிப்பு தொற்றிக்கொண்டது. அப்புறம் யார் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமலே மேட்டுத் தெரு முழுவதும் சிரித்தது.

தலைமை அலுவலகத்து அம்மா பேனாவை மூடிவிட்டு எழுந்தார். “விதிப்படி நான் உங்ககிட்ட கருத்துக் கேட்கணும். இந்த அம்மாவோட பயிற்சி தொடரணுமா?” என்று மக்களைப் பார்த்துக் கேட்டார். அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“தொடரணும்” என்றார் வாளிக்கார அம்மா உடனே. எல்லாரும் ஆமாம் போட்டார்கள். அண்ணி மூச்சு விடப்போன நேரத்தில் அந்த அம்மா தொடர்ந்தார். “ஆனா இங்க மாடியில வேணாம். நாங்க வர்றது கீழ அந்த ஜன்னலுக்கு. இப்ப எங்க முன்னாடி நிக்கிற இவங்க அங்க உட்காரணும். மத்தவங்க பக்கத்துல உட்கார்ந்து கத்துக்கட்டும். எங்களுக்கு அதுதான் வேணும்.”

எனக்கு அந்த அம்மா மேல் பற்றிக்கொண்டு வந்தது. ஊரிலே வேறு இடமே இல்லையா? அண்ணிக்காக நான் வாயைத் திறந்தேன். அண்ணி என் கையை அழுத்தி நிறுத்தினார். முகம் வெளுத்திருந்தது. வேண்டாம் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காரணங்களுக்கா பஞ்சம்? ஆனால் மக்கள் சொல்வதைக் கேளுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் எந்த முகத்தோடு மறுப்பார்?

“எழுதிக்குங்க மேடம். மக்கள் சொல்லிட்டாங்க” என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போதுதான், “பயமா இருக்குடி” என்றார். “பழைய ஆளா ஆயிட்டேன்னா?”

“நான் வந்து வரிசையில நின்னு பார்த்துக்கிறேன். மூஞ்சி மாறினா அங்கேயே சொல்லிடுறேன்” என்றேன். அப்படி ஒரு வாக்கை அவருக்கு நான் கொடுத்ததே இல்லை.

அண்ணி ஜன்னலுக்குத் திரும்பிய முதல் நாள் நானும் போய் நின்றேன். வரிசை வாசலைத் தாண்டி வெயில்வரை நீண்டிருந்தது. அண்ணிக்குப் பக்கத்தில் கற்றுக்கொள்ள வந்த பூங்கா சார், இப்போது கொஞ்சம் தைரியமாக. ஒவ்வொருவருக்கும் அண்ணி நிமிர்ந்து முகம் பார்த்துப் பேசினார். நெற்றியில் வியர்வை வழிந்தது. என் முறை வந்தது. சொல்வதற்குப் புகார் ஒன்றும் இல்லை. சும்மா நகர்ந்திருக்கலாம். ஏனோ வாய் கேட்கவில்லை.

“புகார் இல்ல அண்ணி. ஒரு சேதி. எனக்கு உங்கள ரொம்பப் பிடிக்கும். இத்தனை வருஷத்துல சொல்லல. அவ்வளவுதான்.”

அண்ணி என்னையே பார்த்தார். “இத எந்தப் பிரிவுக்குடி அனுப்புறது?” என்றார். பூங்கா சார் வேறு உண்மையாகவே யோசிக்க ஆரம்பித்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் நின்றோம்.

எனக்குப் பின்னால் நின்றவருக்குப் பொறுமை போய்விட்டது. “என்னம்மா இது? நாங்க வெயில்ல கால் கடுக்க நிக்கிறோம், நீங்க சொந்தக்காரங்கள முன்னாடி விட்டுக் கொஞ்சிக்கிட்டு இருக்கீங்களா? இது அலுவலகமா, உங்க வீட்டுச் சமையல்கட்டா?” என்று வரிசையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. முதல் நாளும் அதுவுமாக என் அண்ணியிடமா குரலை உயர்த்துவது? “இந்தாங்க, யாரப் பார்த்து என்ன பேசுறீங்க?” என்று இடுப்பில் கை வைத்துத் திரும்பினேன்.

“நீ நகரு” என்றார் அண்ணி.

“அண்ணி, அவர் உங்கள...”

“அவர் சொல்றது சரி. நகருன்னு சொல்றேன்ல. போ!” என்று என்னைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஜன்னல் வழியாக முகத்தை நீட்டி அவரைப் பார்த்தார். “மன்னிச்சுக்குங்க ஐயா. வாங்க. நிதானமா சொல்லுங்க.”

இத்தனை வருடத்தில் அண்ணி என்னை எத்தனையோ தடவை விரட்டியிருக்கிறார். சந்தோஷமாக நான் நகர்ந்து கொடுத்தது அன்றைக்குத்தான்.